நீராவி இன்ஜினுக்குத் தரையில் போட்ட காசு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ. நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று எண்ணிச் சொல்வார்கள். படம் எடுப்பவர்கள் இன்ஜினையும் புகையையும் எடுப்பார்கள். அந்த இன்ஜின் நாளைக்கும் ஓட என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் படத்தில் விழுவதில்லை. ஓடையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர்க் குழாய், மேட்டில் ஒரு தொட்டி, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய்த் தூணான வாட்டர் காலம், சாம்பல் குழி, அடியில் இறங்கி வேலை பார்க்கும் பிட், பாய்லர் கழுவும் மேடை, எண்ணெய்த் தொட்டி, சக்கரம் கடையும் லேத், அதையெல்லாம் கையாளத் தெரிந்த ஆட்கள். நீராவி ரயில்வேயில் காசு பெரும்பாலும் தரையில்தான் புதைந்து கிடக்கிறது. டீசல் வந்ததும் முதலில் கைவிடப்பட்டதும் அந்தத் தரைதான். இன்ஜினையாவது மியூசியத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாம்பல் குழியை யாரும் மியூசியத்தில் வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பல நாடுகளில் ரயில்வேக்கள் நீராவிக்கு நிறைய செலவழித்தன. இந்தியா உலக வங்கியிடம் வாங்கிய முதல் கடனே 1949-ல் ரயில்வேக்குத்தான், 3.4 கோடி டாலர். அதில் நீராவி இன்ஜின்கள் வாங்கினார்கள். 1950-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை இன்ஜின் கட்டத் தொடங்கி, 1972-க்குள் 2,351 நீராவி இன்ஜின்களை வெளியே அனுப்பியது. அதே காலத்தில் அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற நிலக்கரி வட்டார ரயில்வே, ஷெட் வேலையையே தொழிற்சாலை வரிசைபோல மாற்றி அமைத்தது. இன்ஜின் ஒரு முனையில் நுழையும், சாம்பல் கொட்டும், கழுவப்படும், அழுத்தக் குழாய்களால் கிரீஸும் எண்ணெயும் ஏற்றிக்கொள்ளும், மறுமுனையில் அடுத்த வண்டிக்குத் தயாராக நிற்கும். பழைய ஷெட்டில் அரை நாள் பிடித்த வேலை அங்கே ஒரு மணி நேர அளவுக்கு வந்துவிட்டது. அந்த ரயில்வே தன் சொந்தப் பணிமனையில் 1953 டிசம்பர் வரை புதிய நீராவி இன்ஜின் கட்டியது. 1960-ல் நீராவி முற்றிலும் நின்றது. இங்கிலாந்தில் தோர்னபி என்ற இடத்தில் 1958-ல் பிரம்மாண்டமான புது நீராவி ஷெட் திறந்தார்கள். 1964 முடிவதற்குள் அங்கேயும் நீராவி போய்விட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, வரப்போவது தெரியாமல் காசைக் கொட்டினார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கையில் நூற்றுக்கணக்கான இன்ஜின்கள் இருக்கும்போது, அவற்றை ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட வைக்கும் சாம்பல் குழியும் வாட்டர் காலமும் மிகச் சீக்கிரம் தன் விலையை மீட்டுக்கொடுத்துவிடும். பத்து ஆண்டு ஓடினாலே போதும். தோர்னபியில் போட்ட தண்டவாளமும் நேர்வரிசைக் கொட்டகையும் பிறகு பல்லாண்டு டீசலுக்கு உழைத்தன. வீணானது நீராவிக்கு மட்டுமே உதவும் பகுதிதான்.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னில் நீராவி வீழ்ந்ததற்கு அதன் ஷெட் காரணமில்லை. மற்ற ரயில்வேக்கள் எல்லாம் டீசலுக்குப் போய்விட்டதால் பாய்லருக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டர், பம்ப், பாய்லர் தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே போல்ட், கேஜ் சாமான் செய்து கொடுத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்தத் தொழிலை விட்டன. உதிரிபாகத்தின் விலை ஏறியது, பிறகு கிடைக்காமலே போனது. இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம், நீலகிரியின் இன்றைய சிக்கலும் இதேதான்.

நீலகிரிப் பாதை குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் திறக்கப்பட்டது. இங்கே ஓடும் எக்ஸ் வகுப்பு இன்ஜின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் எஸ்.எல்.எம். என்ற கம்பெனி கட்டியவை. 1910-களிலும் 20-களிலும் பன்னிரண்டு, 1952-ல் மேலும் ஐந்து. டீசல் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் ஐந்து நீராவி இன்ஜின் வாங்கியதை இன்று யாரும் தவறென்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பம் இன்றும் வேலையில் இருக்கிறது. காரணம், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள சாய்வு.

அந்தச் சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். ஒரு டன் எடையை இழுக்கவே 83 கிலோ விசை வேண்டும். உருளும் தடையும் வளைவின் உரசலும் சேர்த்தால் 90-ஐத் தாண்டும். பெட்டிகள் 100 டன், இன்ஜின் 50 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 14 டன் அளவு தள்ளுவிசை தேவை. எக்ஸ் இன்ஜினின் நான்கு இணைச் சக்கர அச்சுகள் ஈரத் தண்டவாளத்தில் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. மீதியை நடுவில் போட்ட பல்தண்டவாளத்தைக் கவ்வும் பல்சக்கரங்கள் தருகின்றன. ஆப்ட் முறை என்பதால் இரண்டு பல்பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி போடப்பட்டிருக்கும். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் முழுப் பிடியில் இருக்கும்.

சக்தி என்று பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் 14 டன் விசைக்குச் சுமார் 650 குதிரைத்திறன் போதும். குன்னூரிலிருந்து உதகைக்கு வண்டி இழுக்கும் ஒய்.டி.எம்-4 டீசலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் அதன் எடை 72 டன், பல்சக்கரம் கிடையாது. மழை நாளில் அந்த 72 டன்னின் பிடி 11 டன் விசை தந்தால், தன்னை ஏற்றவே ஆறேழு டன் போய்விடும். மிச்சத்தில் 40 டன் சொச்சம்தான் இழுக்கலாம். அதைவிட முக்கியம் இறங்குவது. பல்லின் துணை இல்லாத பிரேக்கை மட்டும் நம்பி அந்தச் சரிவில் இவ்வளவு கனமான வண்டியில் பயணிகளை இறக்குவது ஆபத்து. பல்சக்கர டீசல் என்ற சாமானை உலகில் கட்டியிருக்கிறார்கள், முடியாதது அல்ல. இந்தப் பாதையின் அளவுக்கு, இந்தச் சில இன்ஜின்களுக்காக, புது வடிவமைப்பும் அதற்கான தரை வசதியும் போடுவதை விட, இருக்கும் நீராவி வசதியைச் செம்மையாக வைப்பதுதான் நியாயம்.

எக்ஸ் இன்ஜினின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஷெட்டில் என்ன வேண்டும் என்பது தானே விளங்கும். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு சிலிண்டர். கீழ்ச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேல்ச் சிலிண்டர்கள் கியர் வழியாகப் பல்சக்கரங்களை ஓட்டும். சமதளத்தில் கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி நேரே புகைப்போக்கிக்குப் போய்விடும். பல்தண்டவாளத்தில் அதே நீராவி மேல்ச் சிலிண்டருக்குப் போய் இரண்டாம் முறை வேலை செய்யும். கியர் இருப்பதால் மேல்க் கம்பிகள் கீழ்க் கம்பிகளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கல்லாறைத் தாண்டி வண்டி ஏறும்போது வெளியே நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஆக, ஒரே இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜின். வால்வு கியர், கிராஸ்ஹெட், பிஸ்டன் பேக்கிங், பிக்-எண்ட் எல்லாம் இரண்டு பங்கு. ஷெட்டில் நாள்தோறும் எண்ணெய் ஊற்றும் இடங்களும் அப்படியே.

தரை வசதிகளில் முதலாவது தண்ணீர். ஷெட் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான் என்பது வருத்தம். 150 டன்னைக் கல்லாறின் 405 மீட்டரிலிருந்து குன்னூரின் 1,711 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை மட்டும் 530 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உரசலைச் சேர்த்து, நீராவி இன்ஜினின் மொத்தத் திறனை நூற்றுக்கு ஆறு என்று வைத்து, பாய்லரின் திறனைத் தனியே கணக்கிட்டால், இந்த ஏற்றத்துக்கு எட்டு முதல் பத்து டன் தண்ணீர் ஆவியாக வேண்டும். இது கணக்குப் போட்டு எடுத்த தோராயம். மழை, காற்று, ஃபயர்மேனின் கை இவற்றால் கூடும், குறையும். பக்கத் தொட்டிகளில் ஒரே மூச்சில் அத்தனை கொள்ளாது. அதனால்தான் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று தண்ணீர் பிடிக்கிறார்கள். பயணிகளுக்கு அது டீ குடிக்கும் நேரம், இன்ஜினுக்கு அது உயிர் பிடிக்கும் நேரம்.

வாட்டர் காலம் நல்லபடியாக வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும். தொட்டி போதிய உயரத்தில் இருக்க வேண்டும். குழாயின் வாய் பெரிதாக இருக்க வேண்டும். வால்வு மெதுவாக மூட வேண்டும். ஐந்து நிமிடத்தில் மூன்று டன் பிடிக்க நிமிடத்துக்கு 600 லிட்டர் ஓட வேண்டும். இரண்டங்குலக் குழாயில் அது நடக்காது, நாலங்குலமாவது வேண்டும். பழைய குழாயில் துரு கட்டி உள்வாய் சுருங்கியிருந்தால் வெளியே அளவு பார்த்துப் பயனில்லை. ஓடுகிற தண்ணீரை வால்வு சட்டென்று அடைத்தால் குழாய் முழுக்க அடி விழும், ஜாயிண்ட் விட்டுப்போகும். மலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து தானே இறங்கும், பம்ப் செலவு இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் மண் சரிந்து குழாய் உடையும். 2009 நவம்பர் மண்சரிவு போல ஒன்று வந்தால் தண்டவாளத்தைச் சரிசெய்வது பாதி வேலைதான். உள்வாய்ச் சல்லடை, மணல் படியும் தொட்டி, குழாய்த் தாங்கிகள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும். மழைக்குப் பிறகு கலங்கல் நீரைச் சல்லடையில்லாமல் பிடித்தால் இன்ஜெக்டரின் கூம்பில் மணல் அரித்து, சரியாக மேலே ஏற வேண்டிய நேரத்தில் அது தண்ணீர் எடுக்காமல் நின்றுவிடும்.

நீலகிரியின் பாறை சார்னோகைட். அதன் மேல் ஓடிவரும் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. பாய்லருக்கு இது நல்ல செய்தி, உப்புப் படலம் சீக்கிரம் கட்டாது. ஆனால் மென்மையான நீரில் கரைந்த ஆக்சிஜனும் கொஞ்சம் அமிலத்தன்மையும் இருந்தால் தகட்டில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். படலம் கட்டிய பாய்லரைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். நெருப்பின் சூட்டுக் காற்று போகும் ட்யூபில் குழி விழுந்தால், அதை வெளியே இழுத்துத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனவே மலைத் தண்ணீருக்குச் சோடா சேர்த்துக் காரத்தன்மையை நிலையாக வைப்பது அவசியம். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்தால் நிலைமை தலைகீழ், அங்கே படலம்தான் எதிரி. ஒரே இன்ஜின் இரண்டு வகை நீரையும் குடிக்கிறது என்றால், ஷெட்டில் ஒரு சின்னச் சோதனை மேசையாவது வேண்டும். கரைந்த உப்பின் அளவு, காரம், கடினம் மூன்றையும், பாய்லரின் உள்ளே கழுவும் வாஷ் அவுட்டுக்கு வாஷ் அவுட் மட்டும் பார்க்காமல் தினமும் பார்க்க வேண்டும். உப்பு ஏறினால் நீர் நுரைக்கும். நுரைத்த நீர் நீராவியோடு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனுக்கு முன்னால் சிக்கிய தண்ணீர் அமுங்காது, சிலிண்டர் மூடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

சாய்வில் இந்த அபாயம் இரட்டிப்பு. 12-க்கு 1 சரிவில் மூன்று மீட்டர் நீளப் பாய்லரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீர்மட்டத்தில் 25 செ.மீ. வித்தியாசம். நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் சமதளத்தில் பாதி என்று தெரிவது மலையில் வேறு அர்த்தம் கொள்ளும். நெருப்பு எரியும் அறையான ஃபயர்பாக்ஸின் மேல்தகடு ஒருபோதும் நீருக்கு வெளியே வரக் கூடாது. வந்தால் அதிலுள்ள ஈயப் பிளக் 327 டிகிரியில் உருகி நீராவியை நெருப்பின்மேல் கொட்டும். பிளக் உருகியது என்றால் வண்டி அங்கேயே நின்றது என்று பொருள். ஆனாலும் தகடு பிழைத்தது. பிளக்கின் மேல் உப்புப் படலம் மூடியிருந்தால் அது உருகியும் வேலை செய்யாது. இதனால்தான் ஒவ்வொரு வாஷ் அவுட்டிலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வாஷ் அவுட் செய்யும் இடத்துக்கு ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம். வடிகால், அழுத்தமான தண்ணீர், வெந்நீர், நல்ல வெளிச்சம். இதில் வெந்நீரைத்தான் காசு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். சதுர செ.மீ.க்கு 14 கிலோ அழுத்தத்தில் வேலை செய்த பாய்லரின் உள்வெப்பம் 197 டிகிரி. அதை வேகமாகக் காலி செய்து பச்சைத் தண்ணீர் பாய்ச்சினால் ட்யூப் தகடு சுருங்கி, ட்யூப் முனைகள் ஒழுகத் தொடங்கும். தகட்டில் இரண்டு துளைக்கு நடுவே விரிசல் ஓடும். பொறுமையாக ஆறவிட்டு, பிளக்குகளைத் திறந்து, மேல்தகட்டிலிருந்து தொடங்கிக் கீழே ஃபயர்பாக்ஸின் அடிவளையம் வரை வெந்நீரால் அடித்துக்கொண்டு வர வேண்டும். சேறு தங்குவது அடிவளையத்தின் மூலைகளில். அங்கே கம்பியைவிட்டு நோண்டாமல் தண்ணீரை மட்டும் அடித்துவிட்டு மூடினால், அடுத்த மாதம் அந்த மூலையின் தகடு சூடேறிப் புடைத்து நிற்கும். ஸ்டே போல்ட்களைச் சுத்தியால் தட்டிக் கேட்பதும் இந்த நாளில்தான். முறிந்த ஸ்டேயின் ஓசை மந்தமாக இருக்கும். துளையிட்ட ஸ்டே என்றால் முறிந்த இடத்திலிருந்து நீர் கசிந்து வெள்ளைக் கோடு விட்டிருக்கும்.

மறுபடி நீராவி ஏற்றுவதிலும் அதே பொறுமை வேண்டும். ஆறிய பாய்லரை ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறைவாக எழுப்பக் கூடாது. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டிக்கு நள்ளிரவை ஒட்டி யாராவது நெருப்பு வைக்க வேண்டும், அல்லது முந்தின நாள் சூட்டை இரவு முழுக்கக் காக்க வேண்டும். இரண்டுக்கும் ஆள் வேண்டும். சுவிட்சர்லாந்தில் எஸ்.எல்.எம். 1992-ல் பிரியென்ஸ் ரோட்ஹார்ன் மலைப் பாதைக்கு லேசான எண்ணெயில் எரியும் புது நீராவி இன்ஜின் கட்டிக் கொடுத்தபோது இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். இரவில் மின்சாரச் சூடேற்றி பாய்லரை இதமாக வைத்திருக்கும், காலையில் ஒரே ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். எக்ஸ் இன்ஜினைக் கட்டிய அதே கம்பெனி, டீசல் போட்டி நடுவே, நீராவியைச் செலவில் தாக்குப்பிடிக்க வைக்கச் செய்த வேலை அது. நம் ஷெட்டுகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. பாய்லருக்கு நல்ல உறை போட்டு, ஷெட் ஓரத்தில் ஒரு சின்ன மின்சாரச் சூடேற்றி வைத்தால், பாய்லர் ஆறி ஆறிச் சூடாவதால் வரும் ஒழுகல் குறையும்.

அடுத்து நெருப்பு. நிலக்கரி காலத்துப் பெரிய தொல்லை சாம்பல். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். நெருப்புக்கு அடியிலுள்ள தட்டுக் கம்பிகளில் கிளிங்கர், அதாவது உருகி இறுகிய சாம்பல், கட்டி, காற்று ஏறாமல் நெருப்பு மங்கி, பாதி ஏற்றத்தில் அழுத்தம் இறங்கும். அதைக் குத்தி எடுக்கக் குழி வேண்டும். சாம்பல் குழியை வெறும் சிமெண்டில் கட்டினால் சூட்டில் உதிரும், நெருப்புச் செங்கல் பதிக்க வேண்டும். சாம்பலில் தண்ணீர் ஊற்றியதும் அதிலுள்ள கந்தகம் அமிலமாகித் தண்டவாளத்தின் அடியையும் போல்ட்டையும் தின்னும். ஆகவே குழிக்கு மேலுள்ள தண்டவாளத்தை மற்ற இடத்தைவிடச் சீக்கிரமே மாற்றக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் பறக்கும் தீப்பொறி காட்டில் விழும் என்பது இன்னொரு கவலை.

எண்ணெய்க்கு மாற்றியதும் சாம்பலும் பொறியும் போயின. அதற்குப் பதில் வேறு ஏற்பாடுகள் வந்தன. ஃபர்னஸ் ஆயில் குளிரில் கூழ்போல் இறுகும், குன்னூர்க் குளிரில் சொல்லவே வேண்டாம். தொட்டிக்குள் நீராவிச் சுருள், குழாய்க்கு உறை, பர்னருக்கு முன் மறுபடி ஒரு சூடேற்றி எல்லாம் வேண்டும். டீசல் எண்ணெயை எரித்தால் இந்தச் சூடேற்றும் வேலை இல்லை, விலைதான் கூடுதல். பர்னர் எண்ணெயைத் தூவுவது நீராவியால். ஆறிக்கிடக்கும் இன்ஜினில் நீராவி ஏது? ஷெட்டில் அழுத்தக் காற்றோ வெளி நீராவியோ கொடுக்கும் குழாய் இருந்தால்தான் முதல் நெருப்பே வைக்க முடியும். எண்ணெய் இன்ஜினை வாங்கிவிட்டு இந்தக் குழாயை மறந்தால், பக்கத்தில் இன்னொரு இன்ஜின் சூடாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபயர்பாக்ஸுக்குள் பதிக்கும் நெருப்புச் செங்கல்தான் எண்ணெய் இன்ஜினின் பலவீனம். பர்னரைப் பட்டென்று அணைத்துப் பட்டென்று ஏற்றினால் செங்கல் வெடித்து விழும், விழுந்த இடத்தில் சுடர் நேரே தகட்டில் படும். காற்று குறைந்தால் கரி ட்யூபுக்குள் அப்பும். அதை எடுக்க, இன்ஜின் நன்றாக இழுக்கும் நேரத்தில் உலர்ந்த மணலைக் கொஞ்சம் ஃபயர்பாக்ஸில் வீசினால், இழுப்புக் காற்று அதை ட்யூப் வழியே கொண்டுபோய்ச் சுரண்டிவிடும். மணல் ஈரமாக இருந்தால் பயனில்லை. மணலை வறுத்து வைக்கும் அறையும் ஷெட்டின் பட்டியலில் சேர வேண்டும். தண்டவாளப் பிடிக்கு மணல் தூவவும் அது தேவை, மலை மூடுபனியில் ஈர மணல் குழாயை அடைத்துக்கொள்ளும்.

பிட் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு எந்த ஷெட்டிலும் இல்லாத ஒன்று. சாதாரண இன்ஜினில் சக்கரம் தேய்ந்தால் டயரைக் கடைந்து ஓட்டலாம். பல்சக்கர இன்ஜினில் டயர் தேயத் தேய இன்ஜின் கீழே இறங்கும். அதோடு பல்சக்கரமும் இறங்கி, பல்லின் நுனி எதிர்ப் பள்ளத்தின் அடியில் இடிக்கத் தொடங்கும். டயர் புதிதாக இருக்கும்போது மேலே இருந்தால் பல் நுனியில் மட்டும் பிடித்து, முழுச் சுமையையும் அந்த நுனி தாங்கும். இரண்டும் ஆகாது. டயர் கடைந்த ஒவ்வொரு முறையும் பல்லின் ஆழத்தை அளந்து திருத்த வேண்டும். நாலு அச்சின் டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதற்குத் தட்டையான, நிலை பார்த்துப் போட்ட பிட், உள்ளே ஒரு நீளம் பல்தண்டவாளம், நல்ல விளக்கு, தண்ணீர் தேங்காத வடிகால். குன்னூர் மழையில் கடைசியாகச் சொன்னது லேசான காரியமல்ல.

பல்லைப் பார்க்கும்போது தேய்மானத்தின் வடிவம்தான் செய்தி சொல்லும். இரு பக்கமும் சமமாகத் தேய்ந்தால் இயல்பு. ஒரு ஓரம் மட்டும் மினுங்கினால் பல்தண்டவாளம் எங்கோ பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, பாதைக்காரரிடம் சொல்ல வேண்டும். பல்லின் அடிவளைவில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அந்தச் சக்கரம் மறுநாள் மலைக்குப் போகக் கூடாது. கல்லாறில் பல்தண்டவாளம் தொடங்கும் இடத்தில் ஸ்பிரிங்கின் மேல் அசையும் நுழைவுப் பட்டை இருக்கிறது. வண்டி ஊர்ந்து வந்து, டிரைவர் மேல்ச் சிலிண்டர்களுக்கு நீராவி விட்டுப் பல்சக்கரத்தை மெல்லச் சுழல வைத்து, பல் பல்லோடு சேர்ந்த பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டதன் தழும்பு முதல் சில பற்களில் பதிந்திருக்கும்.

பிட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று பிரேக். கை பிரேக், வேக்குவம் பிரேக், பல்சக்கர அச்சைக் கவ்வும் பட்டை பிரேக், சிலிண்டரையே காற்று அமுக்கும் பம்பாக மாற்றும் எதிரழுத்த பிரேக் என்று நான்கு. பெட்டிகளின் பலகையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் இதற்கு மேல். இறக்கத்தில் அதிகம் உழைப்பது எதிரழுத்த பிரேக். காற்றை அமுக்கும்போது சிலிண்டர் கொதிக்கும், அதைக் குளிர்விக்கக் கொஞ்சம் நீரை உள்ளே தெளிக்கிறார்கள். ஆகவே இறங்கும்போதும் தண்ணீர் வேண்டும், அந்தத் தெளிப்புக் குழாயின் துளை அடைபடாமலும் இருக்க வேண்டும். அடைபட்டால் எண்ணெய் கருகிப் பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும்.

குன்னூர் ஷெட்டில் நீராவியும் டீசலும் அருகருகே வாழ்கின்றன. இது கேட்க எளிது, நடைமுறையில் சிக்கல். டீசலின் காற்று வடிகட்டிக்கும் ஜெனரேட்டரின் மின்காப்புக்கும் கரித்தூள் எமன். நீராவிக்கோ புகை போக உயரமான கூரை, தரையில் தண்ணீர், எங்கும் ஈரம். இரண்டையும் ஒரே கொட்டகையில் அடைத்தால் டீசல்தான் முதலில் கெடும். சுவர் வைத்துப் பிரிப்பதும், டீசல் பக்கம் உயர்ந்த மேடையும் உலர்ந்த தரையும் போடுவதும் வீண் செலவல்ல.

பெரிய வேலைக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. அகலப் பாதை மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடுகிறது, மலைப் பாதை மீட்டர் கேஜ். ஆகவே இன்ஜினைத் தன் சக்கரத்தில் பொன்மலைக்கு ஓட்டிப் போக வழியில்லை, ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். சுற்றுவட்டார மீட்டர் கேஜ் எல்லாம் அகலமாக்கப்பட்டதில் நீலகிரிக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது. அந்தப் பொன்மலைதான் 2011-லிருந்து எண்ணெயில் எரியும் புது எக்ஸ் இன்ஜின்களையும், 2021-ல் நிலக்கரியில் ஓடும் புது எக்ஸ் இன்ஜினையும் கட்டியது. இதைப் பாராட்டும்போது இன்ஜினின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம். என் பார்வையில் அதைவிடப் பெரிய சொத்து, அதற்காகத் தேவைப்படும் வரைபடங்கள், வார்ப்பு மாதிரிகள், பல் வெட்டும் கருவிகள், பாய்லர் தகடு வளைக்கும் அச்சுகள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னிடம் இன்ஜின் இருந்தது, ஷெட் இருந்தது, சாமான் கொடுக்கும் உலகம்தான் இல்லாமல் போனது. நீலகிரிக்கு அந்த உலகம் முழுவதும் பொன்மலையும் குன்னூர் ஷெட்டும்தான். அந்த மாதிரிகளும் அச்சுகளும் துருப்பிடிக்காமல், எண் போட்டு, கணக்கில் ஏற்றி, ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பொருளைத்தான் இடம் அடைக்கிறது என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

குன்னூருக்கு மேலே வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை வரை பல்தண்டவாளம் இல்லை. அங்கே டீசல் ஓடுவது சரியான முடிவுதான். ஆனால் சிறப்பு வண்டியாகவாவது நீராவி உதகை வரை போக வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இன்ஜினைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். வழியில் ஓரிடத்திலும் உதகையிலும் நிமிடத்துக்கு 600 லிட்டர் தரும் வாட்டர் காலம், உதகையில் ஒரு பிட், எண்ணெய் நிரப்ப ஒரு பம்ப், ஆறிய பர்னரை ஏற்ற ஒரு காற்றுக் குழாய். குளிர்கால உதகையில் இரவில் உறைபனி விழும். வெளியே தொங்கும் குழாய்களுக்கு உறையும், மாலையில் அவற்றை வடித்துவிடத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வும் வேண்டும். இந்த ஐந்தாறு சாமானுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு புது பாய்லரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அவை இருந்தால் குன்னூரில் நிற்கும் எந்த எக்ஸ் இன்ஜினையும் மறுநாளே மேலே அனுப்பலாம்.